அப்பாவுக்கு வலிக்கவில்லை

மார்ச் 2, ஞாயிறு

இன்று நான் அப்பாவிடம் கேட்காமல் விட்டது: “உங்களுக்கு வலிக்கலையா, இல்ல அழுத்துறதே தெரியலையா?”

நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரம் பார்த்து அத்தை கைதட்டினாள். கைதட்டலுக்கு நடுவே கேட்கிற கேள்வியா அது? விழுங்கிவிட்டேன்.

நடந்ததை முறையாக எழுதுகிறேன். எழுதினாலாவது எரிச்சல் அடங்குகிறதா பார்ப்போம்.

அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்கு வெளியூரிலிருக்கும் அண்ணன் அனுப்பிய பரிசு இது. கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் ஸ்பாவில் பாத ரிஃப்ளெக்ஸாலஜி. குடும்பத் திட்டமாம். நான்கு பேர், ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், நால்வரும் சேர்ந்தே வர வேண்டும். எங்களை நேரில் பார்த்துவிட்டுத்தான் அந்த நிபந்தனையைப் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் எதையும் ஒருவர் தனியாகச் செய்கிற வழக்கமில்லை. எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோது மூன்று பேர் துணைக்கு வந்தார்கள். வந்ததுதான் வந்தோம் என்று அத்தை தன் பல்லையும் சுத்தம் செய்துகொண்டு திரும்பினாள். இந்த வீட்டில் “எனக்கு வேணாம்” என்று சொல்கிறவர் கூட்டத்தைக் கெடுத்தவர். அந்தப் பட்டம் ஒரு தடவை கிடைத்தால் ஆயுளுக்கும் கூடவே வரும்.

அப்பா மறுக்காததுதான் ஆச்சரியம். முடி வெட்டிக்கொள்ளவே வாரக்கணக்கில் கெஞ்ச வேண்டிய மனிதர், முதல் ஆளாகச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே மாடி. எலுமிச்சை வாசனை. சாய்வு நாற்காலிகள் நான்கு, வரிசையாக, சலூன் மாதிரி. ஒவ்வொன்றின் முன்னும் வெந்நீர்த் தொட்டி. ஒலிபெருக்கியில் ஓயாமல் தண்ணீர் ஓடும் சத்தம் விட்டிருந்தார்கள். மனதை அமைதிப்படுத்துவதற்காம். அம்மா இரண்டு தடவை பாத்ரூம் போய்விட்டு வந்தாள்.

சுவரில் பெரிய உள்ளங்கால் படம். தேசப்படம்போல வண்ணம் தீட்டி, கட்டைவிரல் மூளை, நடுப்பாதம் வயிறு, இது நுரையீரல், அது கல்லீரல் என்று எல்லை பிரித்திருந்தார்கள். அத்தைக்கு அந்தப் படம் வேதவாக்காகிவிட்டது. எங்கே வலிக்கிறதோ அங்கே நோய் என்று அவளே விதியை எங்களுக்கு விளக்கினாள். பணிப்பெண்கள் ஆளுக்கொரு மழுங்கலான மரக்குச்சியை எடுத்து அழுத்த ஆரம்பித்தார்கள். அம்மா வயிற்றில் கத்தினாள். அத்தை மூட்டில் முனகினாள். நான் சிறுநீரகம், கல்லீரல், தொண்டை என்று தேசம் முழுக்க அலறினேன்.

அப்பா கொட்டாவி விட்டார்.

வரவேற்பிலிருந்த அம்மாள் எழுந்து வந்து பார்த்து, சார் பாதம் இருபது வயதுப் பையன் பாதம் என்றாள். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்கு மதி வேண்டாமா? அத்தை கைதட்டினாள். “பாத்தியா? என் தம்பி உடம்புல ஒரு குறை கிடையாது. இந்த ஊமைக்கோட்டானப் பாரு, இந்த வயசுலயே எல்லாம் போச்சு.”

ஊமைக்கோட்டான் என்பது நான். அத்தை எனக்கு வைத்த பெயர்.

இறங்கும்போது அப்பாவின் வலது செருப்பு மாடிப்படியிலேயே நின்றுவிட்டது. அவர் ஒற்றைச் செருப்போடு தெருவரை வந்து, வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் நின்று, ஆட்டோவுக்குக் கை காட்டினார். அம்மா சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மார்ச் 3, திங்கள்

சிரிப்பு இறங்கவில்லை. நெஞ்சிலேயே நிற்கிறது.

நேற்று வரவேற்பில் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டபோது, எங்கள் நால்வருக்கும் சேர்த்து அத்தைதான் இல்லை என்றாள். அப்பாவுக்குச் சர்க்கரை ‘எல்லையில்’ இருக்கிறது. நான் கல்லூரி சேர்ந்த காலத்திலிருந்து எல்லையில்தான் இருக்கிறது. இதற்குள் அங்கே குடியுரிமையே வாங்கியிருக்கும். மாத்திரையை நினைவு வந்தால் போடுவார். பரிசோதனைக்குப் போகச் சொன்னால், ஊசி குத்தினால்தான் சர்க்கரை ஏறும் என்பார்.

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். இதை எழுதிவிட்டு அடுத்த வரி எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

பார்லித் தண்ணீர். காலையும் மாலையும் ஒரு சொம்பு. என் சிறுநீரகத்துக்காம். என் சிறுநீரகம் கேட்டதா?

மார்ச் 7, வெள்ளி

அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புப் போட வைத்து, அத்தை என்னை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனாள். அம்மாவும் வந்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். “மெஷின் என்னத்தக் கண்டுச்சு? பாதம் பொய் சொல்லாது” என்றாள் அத்தை. பார்லித் தண்ணீர் தொடர்கிறது.

பள்ளிப் புத்தகங்கள் அச்சாகும் இடத்தில் பிழை திருத்துவது என் வேலை. முகம் தெரியாதவர்கள் செய்த தப்பை நாளெல்லாம் சிவப்பு மையில் சுழித்துக் காட்டுகிறேன், சம்பளமும் தருகிறார்கள். வீட்டில் ஒரு வாக்கியத்தைத் திருத்த வாய் வரவில்லை. வலி இருப்பவள் நோயாளி, வலி இல்லாதவர் ஆரோக்கியசாலி. இதில் எங்கே பிழை என்று எனக்குத் தெரிகிறது. அதைச் சொன்னால் அப்பாவின் சோறு போகும். அவருக்கு வண்டியைத் தவிர வேறொன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பியதுமில்லை. சொல்லாவிட்டால்?

ஒருவேளை நான்தான் இல்லாததைக் கற்பனை செய்கிறேனோ? கண்ட கண்ட புத்தகமும் படித்தால் இப்படித்தான் ஆகும் என்று அண்ணன் சொல்வான்.

மார்ச் 9, ஞாயிறு

கற்பனை இல்லை.

இன்று அத்தை, தண்ணீர் சூடே இல்லை, போன வாரம் ஏமாற்றிவிட்டீர்கள் என்று சண்டை பிடித்தாள். ஒரு பெண் கெட்டிலோடு வந்து நான்கு தொட்டியிலும் ஊற்றிக்கொண்டே போனாள். நான் காலை வெடுக்கென்று எடுத்தேன். அம்மா எடுத்தாள். சூடு கேட்ட அத்தையே “ஐயையோ” என்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். கால் தொட்டிக்குள்ளேயே இருந்தது. கெட்டில் வைத்திருந்த பெண் பயந்துபோய், கால எடுங்க சார் என்றதும் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக எடுத்தார்.

“உழைச்ச காலு. சூடெல்லாம் பழக்கம்” என்றார்.

கணுக்கால் வரை சிவந்திருந்தது. சிவப்புக் காலுறை போட்டதுபோல ஒரு கோடு.

அத்தை இந்தத் தடவையும் கைதட்டினாள். எனக்கு அந்தக் கையைப் பிடித்துத் தொட்டிக்குள் முக்க வேண்டும்போல இருந்தது.

மார்ச் 10, திங்கள்

வலது பெருவிரலுக்கு அடியில் கொப்புளம். பாத்ரூமிலிருந்து வரும்போது பார்த்துவிட்டேன். ஷூ கடித்துவிட்டது என்றார். ஷூ அடியிலிருந்து கடிக்குமா?

மார்ச் 12, புதன்

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் மடித்துக்கொண்டிருந்தாள். “அவர்கிட்ட நீயே கேளேன்” என்றாள். எத்தனை வருடமாக இந்த வீட்டில் எல்லோரும் எல்லோரையும் அவரிடம் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் சிரித்தான். “நீ எதையும் பெரிசாக்குவ. பரிசு பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு.” எனக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதா இப்போது பேச்சு? போனை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சுவரோடு பேசினேன். சுவர் கொஞ்சம் யோசித்தாவது பார்த்தது.

அத்தையிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் தெருவுக்கே தெரியும். தெருவில்தான் அந்த வேனில் போகிற பிள்ளைகளின் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

தெரியட்டுமே? தெரிய வேண்டியவர்கள் அவர்கள்தானே?

ஊமை கண்ட கனவுபோல இதை வைத்துக்கொண்டு அலைகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

மூன்றாம் தடவை. எனக்கு ஜலதோஷம், வரவில்லை என்றேன். கட்டைவிரல் நுனியை அழுத்தினால் மூக்கு திறக்கும் என்று தள்ளிக்கொண்டு போனார்கள்.

இன்று ஒரு விஷயம் கவனித்தேன். அத்தை வழக்கம்போல அப்பாவின் பெருமையைப் பக்கத்து அறைவரை கேட்கும்படி பேசினாள். அப்பா அதை ரசிக்கவில்லை. கொப்புளத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் காலை அழுத்துகிற பெண் ஷூ கடியா சார் என்று அவருக்கு வசதியாக அவளே காரணம் சொல்லிக்கொண்டு, பிளாஸ்டரைச் சுற்றி லேசாக அழுத்தினாள். அவர் குனிந்து, மெதுவான குரலில், “இன்னும் கொஞ்சம் அழுத்தும்மா” என்றார். அவள் அழுத்தினாள். “இன்னும்.” அவள் குச்சியை இரண்டு கையாலும் பிடித்தாள். அவர் முகத்தைப் பார்த்தேன். பேருந்து வருகிறதா என்று தெரு முனையைப் பார்க்கிற முகம்.

உடம்பில் குறையே இல்லாதவர் எதற்கு இன்னும் அழுத்தச் சொல்கிறார்?

மார்ச் 18, செவ்வாய்

காலையில் அவரோடு வேனில் போனேன். அச்சகம் போகிற வழிதான் என்றாலும் இதுவரை ஏறியதில்லை. பஸ் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். முன் இருக்கையில் உட்கார்ந்தேன். பின்னால் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏற ஏறச் சத்தம் கூடியது. பின்சீட்டில் பாட்டு, நடுச்சீட்டில் சண்டை.

அவர் கீழே பார்த்து ஓட்டுகிறார். ஒவ்வொரு தடவை பிரேக்குக்குக் கால் மாற்றும்போதும் கண் ஒரு நொடி பாதையை விட்டுக் காலுக்குப் போய்த் திரும்புகிறது. படியில் இறங்கும் குழந்தை பார்ப்பதுபோல. இத்தனை வருடம் வண்டி ஓட்டிய மனிதர்.

மருந்துக்கடை முனையில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். அப்பா காலை அழுத்தினார். வண்டி நிற்பதற்குப் பதிலாக உறுமியது. ஒரு கணம்தான். அடுத்த கணம் பிரேக் பிடித்துவிட்டார், எல்லோரும் முன்னால் சரிந்தோம். சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். பிள்ளைகள் சிரித்தார்கள், இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள்.

பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வண்டியை வேலியோரம் நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். நான் கேட்டேன். ஒரு வழியாக.

“அப்பா. கால் தெரியலைதானே?”

கண்ணாடியைத் துடைத்தார். துணியை மடித்தார். ஷூவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

“மழை நாள்லேருந்தே இப்படித்தான். பஞ்சு மேல நிக்கிற மாதிரி.”

“அப்ப ஏன் ஸ்பால பெருமை பேசுறீங்க? அத்தை கைதட்டுறா, நீங்க உக்காந்து...”

“நான் எங்க பேசினேன்? அவ பேசுறா.” பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எனக்கு வலிக்கணும்னுதான் பாப்பா அங்க போறேன்.”

இவ்வளவு நாள் அவர்மேல் கோபப்பட வசதியாக இருந்தது. வீம்பு, அலட்சியம், அத்தை ஏற்றிவிட்ட தலைக்கனம் என்றெல்லாம் நினைத்துவைத்திருந்தேன். அந்த மரக்குச்சி காலைத் திருப்பித் தரும் என்று நம்பிப் போயிருக்கிறார். யாரோ சொன்னார்களாம், நரம்பு தூங்குகிறது, தட்டினால் எழும் என்று. டாக்டரிடம் போனால் முதல் வேலையாக வண்டியைப் பிடுங்குவார்கள். ஸ்பாவில் யாரும் எதையும் பிடுங்கமாட்டார்கள்.

இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது, அதுவரை யாரிடமும் சொல்லாதே என்றார். முடியாது என்றேன். இந்த ஞாயிறு வரை மட்டும் என்றார். அதுவரை விடுப்பு எடுத்தால் சரி என்றேன். எடுக்கிறேன் என்றார். கையில் அடித்துச் சொன்னார்.

மார்ச் 19, புதன்

நான் எழுந்திருப்பதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 20, வியாழன்

கேட்டால், மாற்று ஆள் கிடைக்கவில்லை, பரீட்சை நேரம், பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்கிறார். பிள்ளைகளுக்காகவாம். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் மென்று தின்றேன்.

இன்று அவருக்கு முன்பே எழுந்து வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். நான் அங்கே இருந்து என்ன கிழித்துவிடப்போகிறேன்? ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத பிரேக்கை என் காலால் மிதித்துக்கொண்டே போனேன். அச்சகத்தில் இறங்கியபோது கெண்டைக்கால் இறுகிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே கத்தினாலும் அத்தை சந்தோஷப்படுவாள்.

மார்ச் 21, வெள்ளி

மறுபடியும் வேன். அவர் என்னோடு பேசவில்லை. நான் அவரோடு பேசவில்லை. பின்னால் ஒரு குழந்தை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தது, ஏழில் தப்பாக. திருத்தவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன்.

நாலாம் தடவை. அதே வரிசை: முதலில் அத்தை, அடுத்து அம்மா, நான், கடைசியில் அப்பா. அந்த மானங்கெட்ட தண்ணீர்ச் சத்தம். அப்பா இன்று நாற்காலியில் ஏறியதிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காலைப் பார்க்கவில்லை, தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. என்னைத்தான். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

அந்தப் பெண் எண்ணெய் தடவிவிட்டு, குச்சியை ஓரமாக வைத்துவிட்டு, துண்டை எடுத்து அவர் பாதத்தில் வழிந்த எண்ணெயை ஒற்றினாள்.

“ஆ... வலிக்குதும்மா. மெதுவா” என்றார் அப்பா.

அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டாள். “சார், நான் இன்னும் அழுத்தவே ஆரம்பிக்கல.”

வரிசை முழுக்கச் சிரிப்பு. அத்தைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இவ்வளவு நாள் சேர்த்துவைத்த வலியெல்லாம் என் தம்பிக்கு இன்றைக்குத்தான் வருகிறது என்றாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். அவர் கண் மட்டும் என்மேல் இருந்தது. நம்பிவிடு என்று கேட்கிற கண். எனக்காகக் கத்தியிருக்கிறார். நான் கொடுத்த கெடு முடிகிற நாளில், கால் திரும்பி வந்துவிட்டதென்று காட்ட.

வாக்குக் கொடுத்துவிட்டேன், தனியாகப் பேசலாம், வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று எதுவும் தோன்றவில்லை. வாய் திறந்துகொண்டது.

“அப்பாவுக்குக் கால் தெரியல. ரெண்டு காலும். மழை நாள்லேருந்து. போன செவ்வாய்க்கிழமை வேன்ல பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டர மிதிச்சுட்டாரு. உள்ள பிள்ளைங்க இருந்தாங்க.”

“வாய மூடு” என்றார் அப்பா. கத்தவில்லை. அதுதான் மோசம்.

அத்தை ஆரம்பித்தாள். குடும்பமாகச் சந்தோஷமாக ஓர் இடத்துக்கு வந்தால் உனக்குப் பொறுக்காதா, அப்பனைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசுகிற பேச்சா இது, இதற்குத்தான் இவ்வளவு படித்தாயா. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், வேறு எதுவும் என்னிடம் இல்லை.

அம்மாதான். அம்மா தொட்டியிலிருந்து காலை எடுத்து, ஈரக்காலோடு, அந்த வழவழப்பான தரையில் நடந்து, அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் போய்ப் பணிப்பெண்ணின் முக்காலியில் உட்கார்ந்தாள். துண்டை எடுத்து அப்பாவின் வலது பாதத்தை மூடினாள். துண்டுக்குள்ளே கையை விட்டாள். அவள் தோள் இறுகியது எனக்குத் தெரிந்தது. பலம் கொண்ட மட்டும் நசுக்கியிருக்கிறாள்.

“என்னங்க. தெரியுதா?”

“ம்.”

“எந்த விரலு?”

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அங்கே விடை எழுதியிருக்குமா என்று தேடுவதுபோலப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்தார்.

அத்தை வாயை மூடிக்கொண்டாள். நான் பிறந்ததிலிருந்து இதைப் பார்த்ததில்லை.

மார்ச் 24, திங்கள்

காலையில் அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுங்கள் என்றாள். நகரு என்றார். நகரவில்லை. கடைசியில் அவரே பள்ளிக்குப் போன் செய்து உடம்புக்கு முடியவில்லை என்றார். மாற்று ஆள் அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டான்.

என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

நால்வரும் போனோம். வேறெப்படிப் போவோம்?

டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் இங்கேயும் அங்கேயும் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர்போல மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். டாக்டர் முடித்து, இழையை மேசைமேல் வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.

“இன்னும் ஆரம்பிக்கலையா?” என்றார் அப்பா.

சர்க்கரை எல்லையைத் தாண்டி எப்போதோ போயிருக்கிறது. கொப்புளத்துக்கு மருந்து கட்டினார்கள், நல்லவேளை, புண் உள்ளே போகவில்லை. போன உணர்ச்சி திரும்புவது கடினம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வெந்நீரில் கால் வைக்கவே கூடாது. தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், ஏதாவது குத்தினாலும் அவருக்குத் தெரியாது. வண்டி ஓட்டக் கூடாது. கடைசி வாக்கியத்தை டாக்டர் சாதாரணமாகச் சொன்னார், குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்பதுபோல.

திரும்பி வரும்போது அப்பா ஆட்டோக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எங்களோடு பின்னால் உட்காரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

அண்ணன் போன் செய்தான். ஏன் முன்னாடியே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டான். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஐந்தாம் தடவை பாக்கி இருந்தது. வீணாகக் கூடாதென்று அத்தை தனியாகப் போனாள். நால்வரும் சேர்ந்து வர வேண்டுமே என்றதற்கு, நால்வருக்கும் உள்ளதை என் ஒருத்தி காலிலேயே செய்யுங்கள் என்றாளாம். சாயங்காலம் நடக்க முடியாமல் வந்து சேர்ந்தாள்.

தெருவில் அவள் சொல்லிக்கொண்டிருப்பது என் காதுக்கு வந்தது. “ரிஃப்ளெக்ஸாலஜி போனதாலதான் கண்டுபிடிச்சோம். நான்தான் முதல்ல கவனிச்சேன்.” கொதித்துக்கொண்டு போனேன், கேட்டேவிடுவது என்று. பாதி வழியில் நின்றுவிட்டேன். முதல் பாதி உண்மைதானே. அதுதான் இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

அப்பா சாவியைக் கொடுத்துவிட்டார். பள்ளியில் அவரை அனுப்பிவிடவில்லை. எந்த வண்டி எந்தத் தெருவுக்கு, எந்தப் பிள்ளை எந்த முனையில் ஏறும் என்று பார்க்கிற அலுவலக வேலை தந்திருக்கிறார்கள். நாற்காலி வேலை என்று அம்மாவிடம் சொன்னார். நாற்காலி என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில், அதற்குப் பதில் சிறை என்று சொல்லியிருக்கலாம்.

அம்மாவிடம் பேசுகிறார். அத்தையிடம் சண்டை போடுகிறார். என்னிடம் ஒன்றுமில்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் அவரே எடுத்துக்கொள்கிறார். நான் செய்தது சரி. எத்தனை தடவை யோசித்தாலும் சரி. சரி என்பது இவ்வளவு சப்பென்று இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லையே.

ஏப்ரல் 8, செவ்வாய்

உள்ளங்காலை யார் பார்ப்பது என்பதே இப்போது வீட்டுப் பிரச்சினை. அம்மாவுக்குக் கண் சரியில்லை, கண்ணாடி போட்டாலும் கிட்டத்தில் மங்கல். அத்தை பார்த்தாள், ஒரு மச்சத்தைக் கண்டு ஊரைக் கூட்டினாள். அப்பா இனிமேல் அவளிடம் காட்டமாட்டேன் என்றுவிட்டார். இரண்டு நாளாக யாரும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மாலையில் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அத்தையும் கடைக்குப் போயிருந்தார்கள். அப்பா எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு காலையும் என் பக்கம் நீட்டினார்.

புத்தகத்தை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றிப் பார்த்தேன். கொப்புளம் இருந்த இடத்தில் புதுத்தோல். இடது குதிகாலுக்குள் ஒரு ஸ்டேப்ளர் பின், பாதிக்குமேல் உள்ளே. அலுவலகத் தரையில் ஷூ இல்லாமல் மிதித்திருப்பார். எப்போதென்று தெரியாது. காலுறையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். செய்தித்தாள் அசையவில்லை. மருந்து வைத்து ஒட்டினேன்.

“ஒரு பின்னு இருந்துச்சு. எடுத்துட்டேன்” என்றேன்.

“சரி” என்றார், பக்கத்தைத் திருப்பினார்.